எண்ணூற்றைம்பது யூரோவுக்கு ஒரு ஜோடி

மூன்றாம் வியாழக்கிழமையும் வந்தான் வானெஸ்.
டிராம் பணிமனை கிரீஸ்
நகக்கண்ணில் மிச்சமிருக்க
மேசையில் கை வைக்கத் தயங்கி
தொடையில் துடைத்துக்கொண்டான்.
எண்ணூற்றைம்பது யூரோ.
தங்கக் கிண்ணமும் திருகும் சேர்த்து.
அதற்குமேல் சல்லிக்காசு இல்லையென்று
முதல் வாரமே சொல்லிவிட்டான்.

ஆன்ட்வெர்ப் ரயில் நிலையத்தின் முதுகுப்பக்கம்
நாற்பத்தொரு படி ஏறினால் என் அறை.
வடக்கு பார்த்த ஒரே சன்னல்.
வாடகை அந்தச் சன்னலுக்குத்தான்,
மீதி அறை இனாம்.

ஒற்றைக் கல் விற்பது சுலபம்,
வாங்குகிறவன் காதலித்தால் போதும்.
ஜோடி கேட்டு வருகிறவனோ
ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டே
இன்னொன்றை நினைக்கிறான்.

"முப்பது சென்ட் வேண்டாம்" என்றேன்.
"முப்பதைத் தொட்டதும் விலை படியேறிவிடும்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பதில் தேடுவோம்.
காதுக்குத் தராசு தெரியாது."

பொட்டலம் பிரித்தேன்.
இது வயிறு பெருத்தது.
எடையை அடியில் ஒளித்துவைத்து
முகத்தைச் சிறுக்கவைத்துக்கொண்டது.
அது தட்டை, நடுவில் மீன்கண்.
இதற்குச் சரி நடுவில் கரும்புள்ளி.
அதற்கும் புள்ளி உண்டு, ஆனால் ஓரத்தில்;
கவ்வி ஏறி உட்கார்ந்தால்
நானே மறந்துவிடுவேன்.

அளவி நாலேகால் மில்லிமீட்டர் என்றது.
இன்னொன்றையும் நாலேகால் என்றது.
வானெஸ் மூச்சுவிட்டான்.
பொறு என்று
வெள்ளைக் காகித மடிப்பில்
இரண்டையும் கவிழ்த்துப் போட்டேன்.
ஒன்று பால்.
மற்றது,
பாலில் ஒரு சொட்டுத் தேநீர்.

அவனுக்குத் தெரியவில்லை.
தெரிந்ததுபோல் தலையாட்டினான்.

கடைசிப் பொட்டலத்தில் கிடந்தது அது.
இருபத்தெட்டு சென்ட். நல்ல நீரோட்டம்.
புற ஊதா வெளிச்சத்தில் மட்டும்
கேஸ் அடுப்புபோல நீலமாய் எரியும்.
அதனாலேயே விலை குறைவு.
ஆனால் பகலில், சன்னலோரத்தில்,
அந்த நீலம் தன் மஞ்சளைத் தானே தின்றுவிடும்.
பால் கல்லின் பக்கத்தில் வைத்தேன்.
அரை மணி நேரம் பார்த்தேன்.
கண்ணை மூடி, இடம் மாற்றி,
எது எதுவென்று தொலைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.
ரசீதிலும் எழுதினேன்: ஒன்று, கடும் நீலம்.
"யார் விளக்கடியில் பார்க்கப்போகிறார்கள்?"
என்று சிரித்தான்.

ஒன்பது நாள்.
படியேறி வந்தவளை எனக்குத் தெரியாது,
வறுத்த எண்ணெய் வாசம் அவளுக்கு முன்னால் வந்தது.
உப்புக்கறை படிந்த காகிதக் கூம்பை
மேசையில் கவிழ்த்தாள்.
இரண்டு தோடுகள்.

"உருளை வறுவல் கடை. நான் க்ரீட்.
ஐம்பது யூரோ நோட்டைச் சோதிக்கும் பெட்டிக்குள்
கழற்றி வைத்தேன்.
போனமுறைத் தோட்டில் ஒன்று
எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததே, அந்தப் பயம்.
ஒன்று எரிகிறது. ஒன்று எரியவில்லை.
எது போலி?"

சூட்டு ஊசியை வைத்தேன்.
இரண்டுக்கும் ஒரே கூவல்: வைரம், வைரம்.
"அப்படியானால் எது மலிவு?"
"நீலம்."
"நல்ல ஜோடிக்கு இன்னும் எவ்வளவு ஆகியிருக்கும்?"
"நாற்பது."
சன்னலைப் பார்த்தாள்.
"அந்த நாற்பது அவனிடம் இல்லையா?"
"கேட்டேன். பாக்கெட்டைக்கூடத் தடவவில்லை."

வேறெதுவும் பேசவில்லை.
என் கண்ணாடியில் குனிந்து போட்டுக்கொண்டாள்.
எது எந்தக் காதில் என்று பார்க்காமல்
கீழே இறங்கிப் போனாள்.
மறந்த கூம்பை நான் குப்பையில் போட்டேன்.

அக்டோபரில் ஒரு மழை ராத்திரி
அவள் கடை முன் வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் ஒரு சிறுமி,
கையில் காசுகூட இல்லை.
"காட்டுங்கள்" என்றாள்.
க்ரீட் வலது தோட்டைக் கழற்றி
நோட்டுப் பெட்டிக்குள் நீட்டினாள்.
நான் மலிவாய் விற்றது
கடை முழுக்க நீலம் பூசியதாய்ச் சொன்னால் பொய்.
கடுகளவு வெளிச்சம்.
சிறுமிக்கு அது போதுமாயிருந்தது.

என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்ததா,
தெரியவில்லை.
மயோனைசுக்குத் தனிக்காசு என்றாள்.
கொடுத்தேன்.
பேரம் பேசவில்லை.